தையல் பிரித்த பிறகு



1950களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்புகிறவரிடம், கட்டுத்துணி மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்புவார்கள். வேடிக்கைக்காக அல்ல. தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் கை மரத்துப்போகும்; சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் விரல் நுனி குறைந்திருக்கும். நோய்தான் விரலைத் தின்கிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் எலி அகப்பட்டது. அதன்பிறகு பூனையில்லாமல் யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

இதைச் செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி தம்பதியின் பிள்ளை. இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, மடங்கிய கைகளை அங்கே வரிசையாகப் பார்த்தார். இத்தனை கைகள் இருக்க, கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர்கூட இவற்றைத் தொட்டதில்லையா என்று அதிர்ந்துபோனார். 1948இல் வேலூரில் முதல் அறுவை சிகிச்சை. செயலிழந்த தசைக்குப் பதிலாக, நல்ல தசைநார் ஒன்றைப் பிரித்தெடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டும் முறை. கட்டினால் மட்டும் போதாது. இதுவரை ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசைக்கு, இனிமேல் உனக்கு வேறு வேலை என்று மூளை கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி. விரல் நீட்டு, மடக்கு, நீட்டு, மடக்கு.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பிரச்சினை ஊருக்குத் திரும்பிய பிறகு வந்தது. முதலில் குணமாகிப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். தழும்பைப் பார்த்து யாரும் வீடு தரவில்லை, வேலை தரவில்லை. மிஞ்சியது பிச்சை எடுப்பது. மடங்கிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கைக்குப் போட மறுத்தார்கள். ஆக, டாக்டர் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்ற நிலைமை! இதைப் பிராண்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து எந்த அறுவை சிகிச்சை நிபுணரும் தன் வெற்றியைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை.

அவர் என்ன செய்தார்? மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ‘நவஜீவ நிலையம்’ என்று ஒரு சின்னக் குடியிருப்பை அமைத்தார். எளிய வீடுகள், ஒரு தச்சுப் பட்டறை. குணமான கைகள் அங்கே மர பொம்மைகள் செய்தன. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது: நிமிர்ந்த கையை மறுபடியும் கெடுப்பது சுத்தியல், துருப்பிடித்த பூட்டு, சூடான அலுமினியச் சட்டி, விறகடுப்பு, எலி என்று வீட்டுக்குள்ளேயே, தெருவிலேயே இருக்கும் சாதாரண விஷயங்கள். சுத்தியலுக்குப் பருமனான பிடி போட்டார்கள். மரத்துப்போன காலுக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு தயாரித்தார்கள். எலிக்குப் பூனை.

எங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, உதவி ஆசிரியை ஒருவர் கேட்டார்: “சரி சார், இப்போ டிஸ்சார்ஜ் ஆகிறவங்களுக்கு என்ன பூனை குடுக்கிறாங்க?”

அந்தக் கேள்வியிலிருந்துதான், சீரமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கை பற்றிய இந்த இதழின் சிறப்புப் பகுதி பிறந்தது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே சினிமா நட்சத்திரங்களின் மூக்கு நினைவுக்கு வருகிறவர்கள் நம்மில் அதிகம். அரசு மருத்துவமனையின் அந்த வார்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்டவ் வெடித்த பெண்கள், பிரஸ் மெஷினில் விரல் கொடுத்த தொழிலாளிகள், லாரியில் அடிபட்டுக் காலில் சதை போனவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவையும், ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவையும் தெரியாத ஏழைக் குடும்பம் வடசென்னையில் குறைவு. ஸ்டான்லியின் டாக்டர் ஆர். வெங்கடசாமியும் அவரது சக மருத்துவரும் விரல் நுனியைச் சீரமைக்க ஒரு முறையை வகுத்து 1980இல் வெளியிட்டார்கள். அது இன்றும் கை அறுவை சிகிச்சைப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அறுவை சிகிச்சை மேஜையில் நடக்கும் வேலையில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மேஜையை விட்டு இறங்கிய பிறகு நோயாளி போய்ச் சேரும் தெருவைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு வாசகியின் கடிதம் இங்கே அவசியம். சென்னைக்கு வெளியே, மறுகுடியமர்வு அடுக்குமாடி ஒன்றில் நாலாவது மாடியில் இருக்கிறார். எந்த இடம், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஸ்டவ் வெடித்து வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. ‘ஆபரேஷன் சக்சஸ்ம்மா’ என்று டாக்டர் சிரித்த முகத்தோடு சொன்னதை எழுதியிருக்கிறார். கடிதத்தின் மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

ஒட்டிய தோலுக்குச் சுருங்கும் குணம் உண்டு. தழும்பு முதிர்ந்து அடங்க ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கை மடங்கியபடி நின்றுவிடும், தாடை மார்போடு ஒட்டிக்கொள்ளும். கழுத்துக்குக் காலர், கைக்கு ஸ்பிளிண்ட், மேலே இறுக்கமான ‘பிரஷர் கார்மென்ட்’. ஒரு நாளில் 23 மணி நேரம் அந்த உறை தோலோடு இருக்க வேண்டும். குளிக்க மட்டும் கழற்றலாம். ஒன்றைத் துவைத்துக் காயப்போடும்போது மாட்டிக்கொள்ள இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு செட் வாங்கச் சொல்வார்கள். சில மாதங்களில் இழுவை தளர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டும்.

வாசகியிடம் ஒரு செட்தான் இருந்தது. இரவில் துவைத்து ஜன்னல் கம்பியில் போடுவார். மழைக்காலத்தில் அது விடிவதற்குள் காயாது. ‘ஈரத்தோடவே மாட்டிக்கிட்டேன் சார், நாத்தம் வந்துச்சு, அரிப்பு எடுத்துச்சு, ஒருநாள் கழட்டி வெச்சேன், அப்புறம் போடவே மனசு வரல’ என்கிறார். பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். துணைக்கு அம்மா வர வேண்டும். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்பியாக வேண்டும். சில வாரம் போனார், பிறகு நின்றுவிட்டார். அடுத்த தடவை ஓ.பி.யில் அவரது நோட்டைப் புரட்டிவிட்டு, “ஏம்மா, எக்சர்சைஸுக்கே வர மாட்டேங்கிற, உனக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன பண்ண முடியும்?” என்று கேட்டாராம் ஒருவர். தலையைக் குனிந்துகொண்டு “வரேன் சார்” என்று மட்டும் சொன்னாராம் இவர்.

அக்கறையில்லாதவர் என்று எந்த நோட்டில் எழுதியிருந்தாலும் நான் அதை ஏற்க மாட்டேன். காலை எட்டு மணிக்கு நாலு மாடி இறங்கித் தண்ணீர் பிடித்து ஏறுகிற வீட்டில், இடது கையால் குடம் சுமந்தவர் அவர். லிஃப்ட் ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. குடம் என்பது நமக்குச் சாதாரணச் சொல். அறுந்த தசைநாரைத் தைத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு அது பெரிய ஆபத்து. தைத்த இடம் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். ஆறு வாரம் வரை ஸ்பிளிண்ட், 12 வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் வீட்டில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது கஷ்டமே இல்லை. லாரி வந்தால் ஓட வேண்டிய தெருவில்? தையல் விட்டுப்போனால் டாக்டரின் ஊசியைக் குறை சொல்வதா, தண்ணீர் லாரியைச் சொல்வதா?

வெயில் இன்னொரு கதை. மெல்லிய தோலாக எடுத்து ஒட்டிய இடத்தில் வியர்வைச் சுரப்பி திரும்ப முளைக்காது. உடம்பில் பெரும்பகுதி வெந்து ஒட்டுப்போட்டவருக்கு வியர்த்துச் சூடு தணிக்கும் வழி பாதி அடைபட்டுப்போகிறது. அவரை மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே, இறுக்கமான உறை போட்டுக்கொண்டு 23 மணி நேரம் இருக்கச் சொல்கிறோம். மின்விசிறி நின்றால் அவர் உறையைக் கழற்றத்தான் செய்வார். நீங்களும் நானும்கூடத்தான்.

புகையையும் சொல்ல வேண்டும். ஓரிடத்துச் சதையை இன்னோரிடத்துக்கு மாற்றும்போது, அது பிழைப்பது மெல்லிய ரத்தக் குழாய்களின் தயவில். நிகோடின் அந்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் புகைப்பதை நிறுத்திவிட்டு வா என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். நோயாளி நிறுத்திவிடலாம். பத்தடி அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பீடி இழுக்கும் மாமனாரை யார் நிறுத்துவது? காயம் ஆற முட்டை, பருப்பு, கீரை வேண்டும். ரத்தசோகை இருந்தால் காயம் தாமதமாகத்தான் ஆறும். இதையெல்லாம் எல்லா வார்டிலும் சொல்லி அனுப்புகிறார்கள். பையில் காசு இருந்தால்கூட, டிரெஸ்ஸிங் துணியோ உறையோ கிடைக்கும் கடை பக்கத்தில் இல்லாத பேட்டைகள் உண்டு. வறுமை வேறு, வாழும் இடத்தின் வறுமை வேறு என்று நான் பிரித்துப் பேசுவது இதனால்தான். கொஞ்சம் சம்பாதிக்கும் குடும்பமும், பஸ் வராத, நடக்கப் பாதையில்லாத, தண்ணீர் ஏறாத இடத்தில் இருந்தால் மாட்டிக்கொள்கிறது.

அமெரிக்காவில் இதை எண்ணாகவே அளக்கிறார்கள். கோபால் சிங் என்ற ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வருமானம், படிப்பு, வேலை, வீட்டின் தரம் என்று 17 விவரங்களை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பின்னடைவு மதிப்பெண் போடும் முறையை 2003இல் வெளியிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஏமி கைண்ட் அதைச் சிறு சிறு பேட்டை அளவுக்குக் கொண்டுவந்தார். நாடு முழுவதையும் 1 முதல் 100 வரை வரிசைப்படுத்தி இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். மிகவும் பின்தங்கிய 15 சதவீதப் பகுதிகளில் வசிப்பவர்கள், டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகம் என்று 2014இல் அவர் குழு காட்டியது. அதன்பிறகு பிளாஸ்டிக் சர்ஜன்களும் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். குறிப்பாக மார்பகச் சீரமைப்பில். அந்த நாட்டில் மார்பகம் அகற்ற இன்ஷூரன்ஸ் பணம் தந்தால், சீரமைக்கவும் தந்தாக வேண்டும் என்று 1998லிருந்து சட்டமே உண்டு. பணப் பிரச்சினை ஓரளவு விலகிய இடத்தில்கூட, விலாசம் எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்று பார்க்க அது வசதியான களம். எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிலவற்றில் வித்தியாசம் பெரிது, சிலவற்றில் இல்லவே இல்லை. நல்ல பின்தொடர்தல் இருக்கும் மருத்துவமனைகள் இந்த இடைவெளியைக் குறைக்க முடியும் என்று நான் அதை நம்பிக்கையோடு படிக்கிறேன்.

அந்த மதிப்பெண்ணில் வராத ஒன்று வாசகியின் கடிதத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஒருவர். முதல் இரண்டு மாதம் தண்ணீர்க் குடம் ஏற்றியது அவர். தலை வாரிவிட்டது அவர். கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் குசுகுசுத்தவர்களிடம் சண்டைக்குப் போனதும் அவரே. பழைய குப்பத்தில் இருந்திருந்தால் இப்படிப் பத்து அக்கா இருந்திருப்பார்கள். இங்கே வந்தபோது சொந்தக்காரர்கள் வெவ்வேறு பிளாக்கில் சிதறிப்போனார்கள் என்கிறார். நகரத்து ஓரத்தில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று பெரிய பெரிய குடியிருப்புகளைக் கட்டி மக்களைக் கொண்டுபோய் வைத்தோம். பெரும்பாக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாது. தூரத்தையாவது கிலோமீட்டரில் சொல்லலாம். கைதூக்கிவிட ஆள் இல்லாமல் போனதை எதில் சொல்வது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம் என்ற திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. இது பெரிய விஷயம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, பயிற்சிக்குத் தவறாமல் வரும் பெண்கள் கூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொன்னார். போக்குவரத்துத் துறையின் திட்டம் ஒன்று கழுத்துத் தழும்பை நிமிர்த்துகிறது. சுகாதாரத் துறையின் அறிக்கையில் இதற்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை, இருக்க வேண்டும்.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. உயிர் காக்க 48 மணி நேரம். அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு. தழும்பு அடங்க வேண்டிய அந்த ஒன்றரை ஆண்டுக்குப் பெரும்பாலும் நோயாளியும் அவர் தெருவும்தான். இரண்டாவது செட் உறைக்கு யார் தருவது? துணைக்கு வரும் அம்மாவின் அன்றைய கூலிக்கு? வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு வட்டாரம் முழுக்கப் பொறுப்பு; பக்கவாதக்காரர்களே வரிசையில் நிற்கும்போது தீக்காயக் கழுத்துக்கு அவர் எப்போது வந்து சேர்வார்?

எனக்கு ஒரு சின்ன ஆசை. டிஸ்சார்ஜ் எழுதும் சீட்டில் வயது, எடை, ரத்த வகைக்குக் கீழே இன்னும் சில கேள்விகள் இருக்கட்டும். எத்தனாவது மாடி? தண்ணீர் எங்கிருந்து? கூரை தகரமா? இங்கு வர எத்தனை பஸ்? வீட்டில் யார் கூட இருப்பார்கள்? கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. பதிலைப் பார்த்தால் வார்டிலேயே முடிவெடுக்கலாம்: நாலாவது மாடிக்காரருக்கு உறை இரண்டு செட், தூரத்தில் இருப்பவருக்குப் பயிற்சியை வீடியோவில் பிடித்து அவர் போனிலேயே ஏற்றித் தருவது, லாரித் தண்ணீர்க்காரரை 12 வாரம் கழித்து அல்ல, மூன்றாவது வாரமே கூப்பிட்டுப் பார்ப்பது. மருத்துவமனையால் எல்லோருக்கும் வீடு கட்டித் தர முடியாது. பிராண்டாலும் முடியவில்லை.

சிறப்புப் பகுதியில் வார்டு செவிலியர் ஒருவரின் நீண்ட பேட்டி இருக்கிறது, அதை முதலில் படியுங்கள். கொஞ்சம் காரமாகவே பேசியிருக்கிறார், வெட்டவில்லை. பிரஸ் மெஷின் விபத்துகள் பற்றிய கட்டுரையில் இருக்கும் படங்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், குழந்தைகள் கையில் இதழைக் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதிய வாசகிக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை இரண்டு செட் உறைக்கு எங்கள் அலுவலக நண்பர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதனால் அவருக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி யாரும் தொலைபேச வேண்டாம், அவர் விலாசத்தைத் தர மாட்டோம்.

உங்களிடம் வேண்டுவது வேறு. உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தேறி வந்திருந்தால், நாள்தோறும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். உறையைச் சீக்கிரம் காயவைக்க என்ன செய்தீர்கள், ஸ்பிளிண்டோடு எப்படிச் சமைத்தீர்கள், யார் வந்து உதவினார்கள். அடுத்த இதழில் நாலு பக்கம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். கையால் எழுத முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். எண் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்